பேரப்பிள்ளையைப் பார்க்கக் கோர்ட்டுக்குப் போவது எப்படி? குமரி மாவட்டத்துப் பாட்டா பாட்டிகளுக்கு ஒரு வழிகாட்டி

என் அக்காவின் மகன் பைக் விபத்தில் போனபோது பேரனுக்கு நாலு வயது. பதினாறாம் நாள் முடிந்ததும் மருமகள் பிள்ளையோடு மார்த்தாண்டம் பக்கத்துத் தாய்வீட்டுக்குப் போனாள். அடுத்த மாதத்திலிருந்து போனை எடுக்கவில்லை. “எனக்குச் சொத்தும் வேண்டாம், சோறும் வேண்டாம். பிள்ளைய ஒரு நேரம் கண்டா போதும்” என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளோடு வக்கீல் ஆபீசுக்கும் நாகர்கோவில் கோர்ட்டுக்கும் நடந்ததில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. உங்கள் வழக்குக் காகிதங்களை வக்கீல் ஒருவர் படித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

முதலில் கசப்பான விஷயம். பாட்டா பாட்டிக்குப் பேரப்பிள்ளையைப் பார்க்கும் உரிமை உண்டு என்று நேரடியாகச் சொல்லும் சட்டம் இந்தியாவில் இல்லை. 2015-இல் சட்ட ஆணையம் தன் 257-ஆவது அறிக்கையில், பிள்ளை தாத்தா பாட்டியோடு செலவிடும் நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது இன்னும் பரிந்துரையாகத்தான் இருக்கிறது. அப்படியானால் கோர்ட் எதை வைத்து அனுமதி கொடுக்கிறது? பிள்ளையின் நலனை வைத்து. 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தில் 17-ஆம் பிரிவும், இந்துக்களுக்கான 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 13-ஆம் பிரிவும் அதைத்தான் சொல்கின்றன. “என் ரத்தம், என் வாரிசு” என்று மனு எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேலை சுலபம். “அப்பாவை இழந்த பிள்ளைக்கு அப்பாவின் வீடும் போய்விடக் கூடாது” என்று எழுதினால் நீதிபதி நிமிர்ந்து பார்ப்பார். அக்காவின் முதல் வரைவு முதல் மாதிரியில்தான் இருந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து மாற்றினோம்.

உங்கள் நிலைமை எது?

மகனோ மகளோ இறந்து, பிள்ளை மற்ற பெற்றோரிடம் இருந்தால் கோர்ட் காது கொடுக்கும். மகளின் சாவு தொடர்பாக மருமகன் மேலேயே வழக்கு இருந்தால் நிலைமை இன்னும் வேறு. நீல் ரத்தன் குண்டு வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் பிள்ளையைத் தாய்வழித் தாத்தாவிடமே விட்டது. தாய் தந்தை இருவரையும் கோவிட்டில் இழந்த அகமதாபாத் சிறுவனை, சித்தியும் கேட்டிருந்த வழக்கில், 2022-இல் அப்பாவழித் தாத்தா பாட்டியிடம் ஒப்படைத்தது. ஆனால் இவையெல்லாம் பிள்ளையை வளர்க்கக் கேட்ட வழக்குகள். வெறுமனே பார்க்கக் கேட்பவர்களுக்குப் பொருத்தமானது அகெல்லா லலிதா வழக்கு. மகன் இறந்து, மருமகள் மறுமணம் செய்தபின் தாத்தா பாட்டி தங்களைக் காப்பாளராக்கக் கேட்டார்கள். விசாரணை நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. கூடவே, வரம்புக்குட்பட்டுப் பிள்ளையைப் பார்க்க அனுமதியும் கொடுத்தது. அந்த வழக்கு பிறகு உச்ச நீதிமன்றம் போய், 2022-இல் பிள்ளையின் குடும்பப்பெயரைத் தீர்மானிப்பது தாய்தான் என்று முடிந்தது. இதில் படிக்க இரண்டு பாடம் உண்டு: மறுமணம் செய்ததால் தாய் தாயாக இல்லாமல் போவதில்லை, பார்க்கும் அனுமதி வேறு, பிள்ளை மேல் அதிகாரம் வேறு.

மகனும் மருமகளும் விவாகரத்து வழக்கில் இருந்தால் தனி மனுவுக்கு ஓடாதீர்கள். மகன் தன் வழக்கிலேயே பிள்ளையைப் பார்க்க அனுமதி கேட்பார். அந்த உத்தரவில் “தந்தையுடன் அவரது பெற்றோரும்” என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். மகன் வளைகுடாவில் வேலை பார்த்தால் இந்த வரி மிக முக்கியம். நம்ம ஊரில் எத்தனை வீட்டில் அப்பா சவுதியிலோ மஸ்கட்டிலோ இருக்கிறார் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் ஊரில் இல்லாத மாதங்களில் பாட்டாவும் பாட்டியும் பார்க்கலாம் என்று தெளிவாக எழுதி வாங்க வேண்டும்.

மகனும் மருமகளும் ஒற்றுமையாக இருந்து, உங்களோடு மட்டும் பேச்சுவார்த்தை இல்லையென்றால்? அதுதான் மிகக் கடினம். பெற்றோர் இருவரும் சேர்ந்து எடுத்த முடிவில் கோர்ட் லேசில் தலையிடாது. இந்த நிலைமையில் நான் யாருக்கும் வழக்கைப் பரிந்துரைக்க மாட்டேன்.

வழக்குக்கு முன்னால்

செய்யக் கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூட வாசலில் நின்று பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வராதீர்கள். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து ஒரு மணி நேரத்தில் திருப்பி விட்டாலும், சட்டப்படியான காப்பாளரின் சம்மதமில்லாமல் கொண்டுபோனது கடத்தல் புகாராகும். அதன்பின் உங்கள் மனுவை யாரும் மதிக்க மாட்டார்கள். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தும் பயனில்லை. தாயிடம் பிள்ளை இருப்பது குற்றமல்ல. முதியோர் சட்டம் என்று சொல்லி ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அலுவலகத்துக்கு அனுப்பிவிடுகிறவர்களும் உண்டு. 2007-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் முதியவர்களின் பராமரிப்புக்கும் பாதுகாப்புக்கும்தான். பேரனைக் காட்டச் சொல்லும் அதிகாரம் அதில் இல்லை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போடலாம் என்று யாராவது சொன்னால், அது பிள்ளை சட்டவிரோதமாக ஒருவர் பிடியில் இருந்தால் போடுவது என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

செய்ய வேண்டியது, நடுவில் ஒரு ஆளை வைத்துப் பேசுவது. பங்குத்தந்தை, ஊர்த் தலைவர், ஜமாத்துப் பெரியவர், இரண்டு வீட்டுக்கும் வேண்டிய ஆசிரியர், யாராகவும் இருக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: அவர் மருமகள் மதிக்கிற ஆளாக இருக்க வேண்டும். நாங்கள் அத்தானின் நண்பரை அனுப்பி ஒரு வருடத்தை வீணாக்கினோம். பேச்சு முறிந்தாலும், பேச முயன்றது பின்னால் உதவும். அதனால் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அமைதியான தொனியில் ஒரு கடிதம் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதை எடுத்து வையுங்கள்.

அப்புறம் பணம். குமரியில் நான் கண்ட இந்த மாதிரித் தகராறுகளில் பாதிக்கு மேல் அடியில் பணம்தான் கிடக்கிறது. விபத்து இழப்பீடு, இன்சூரன்ஸ், கடலில் காணாமல் போனவருக்கு அரசு கொடுத்த தொகை. 2017-இல் ஒக்கிப் புயலுக்குப் பின் தமிழக அரசு குடும்பத்துக்கு 20 லட்சம் கொடுத்தபோது கரையோர ஊர்களில் எத்தனை உறவு அறுந்தது என்று அங்குள்ளவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இந்துக் குடும்பத்தில் மகன் உயில் எழுதாமல் இறந்தால் அம்மாவுக்குப் பங்கு உண்டு. மனைவி, பிள்ளை, அம்மா இருக்கும்போது அப்பாவுக்கு இல்லை. கிறிஸ்தவர்களுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, பிள்ளை இருக்கும்போது பெற்றோருக்குப் பங்கே இல்லை. உங்களுக்கு நியாயமாக வர வேண்டியது இருந்தால் அதைத் தனியாகக் கேளுங்கள். அந்தப் பேச்சையும் பிள்ளைப் பேச்சையும் ஒரே நாளில், ஒரே ஆள் மூலமாக, ஒரே தாளில் பேசாதீர்கள். அக்கா விபத்து இழப்பீட்டு வழக்கில் தானும் ஒரு மனுதாரர். “பங்குக்காகத்தான் பேரன் பாசம்” என்று எதிர் மனுவில் எழுதிவிட்டார்கள். பேரனின் பங்கு முழுவதும் அவன் பெயரில் வங்கியில் கிடக்கட்டும், எனக்கு ஆட்சேபமில்லை என்று அக்கா எழுதிக் கொடுத்தபிறகுதான் அந்த வாதம் அடங்கியது.

எந்தக் கோர்ட், யார் செலவு?

பிள்ளை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த இடத்துக் கோர்ட்டில்தான் மனு போட முடியும். 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு அது. நீங்கள் இருக்கும் இடம் கணக்கில்லை. பிள்ளை நம் மாவட்டத்தில் இருந்தால் நாகர்கோவில் குடும்ப நீதிமன்றம். களியக்காவிளை தாண்டிப் பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ இருந்தால் கேரளத்துக் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். பஸ்ஸில் அரை மணி தூரம் என்றாலும் மாநிலம் வேறு, மொழி வேறு. அங்கே பழகிய வக்கீலை வையுங்கள். பிள்ளை துபாயில் இருந்தால் இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி உங்களுக்குப் பயன்படாது. அந்த நாட்டுச் சட்டத்தில்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் 7-ஆம் பிரிவில், காப்பாளர், பராமரிப்பு ஆகியவற்றோடு பிள்ளையை ‘அணுகுவது’ தொடர்பான வழக்கையும் இந்தக் கோர்ட் விசாரிக்கலாம் என்று சொல்கிறது. நமக்கு வாசல் திறப்பது அந்தச் சொல்தான். இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் மூவரும் இதே 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரலாம். முஸ்லிம் சட்டத்தில் சிறு பிள்ளையை வளர்க்கும் உரிமை தாய்க்கு அடுத்தபடி தாயின் தாய்க்கு வருகிறது. மகளை இழந்த முஸ்லிம் பாட்டிகள் இதை வக்கீலிடம் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்.

செலவுக்குப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும். அதனால் பாட்டியை முதல் மனுதாரராக வைத்து, நாகர்கோவிலில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பியுங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கும் அங்கேயே மனு கொடுக்கலாம். அவர்கள் மருமகளுக்கு நோட்டீஸ் அனுப்பிக் கூப்பிடுவார்கள். வக்கீல் நோட்டீசைவிட இது கொஞ்சம் மென்மையாகப் போய்ச் சேரும். இங்கே முடிந்தால் கோர்ட் படியேறவே தேவையில்லை.

மனு

வக்கீல்கள் இதை ஜி.டபிள்யூ.ஓ.பி. (காப்பாளர் சட்டத்தின் கீழ் போடும் அசல் மனு) என்பார்கள். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, மதம், இப்போது யாரோடு எங்கே இருக்கிறது, நெருங்கிய உறவினர் யார், சொத்து இருந்தால் என்ன, எதற்காகக் கேட்கிறீர்கள், இவை எல்லாம் வேண்டும். மகனின் இறப்புச் சான்று, திருமணச் சான்று, பிள்ளையின் பிறப்புச் சான்று அல்லது ஞானஸ்நானச் சான்று, வாரிசுச் சான்று, பிள்ளை பெயர் இருந்த பழைய ரேஷன் கார்டு ஆகியவற்றைச் சேருங்கள்.

சான்றுகளைவிட உறவைக் காட்டும் ஆதாரம்தான் எடை கூடியது. பிள்ளை உங்கள் வீட்டில் எத்தனை மாதம் வளர்ந்தது, தடுப்பூசிக்கு யார் கொண்டுபோனார், அங்கன்வாடியில் யார் விட்டார், பள்ளிக் கட்டணம் யார் கட்டினார். முதல் சோறூட்டலின் படம், மட்டிப்பழம் பிசைந்து ஊட்டும் வீடியோ, எது இருந்தாலும் எடுங்கள். வாட்சாப் செய்தியைக் கொடுப்பதானால் மின்னணு ஆவணத்துக்குரிய சான்றிதழோடு கொடுக்க வேண்டும். போனை மாற்றிவிடாதீர்கள்.

என்ன கேட்பது என்பதில் கவனம் வேண்டும். பார்த்தால் போதும் என்று நினைப்பவர், “முதலில் பிள்ளையைக் கொடு என்று கேள், கடைசியில் பார்க்கவாவது விடுவார்கள்” என்று பேரம் பேசும் புத்தியைக் கேட்க வேண்டாம். பிள்ளையைப் பறிக்க வந்தவள் என்று மருமகள் ஒருமுறை நினைத்துவிட்டால் அந்தப் பயம் வருடக் கணக்கில் போகாது. ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்கும் என்று 1956-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. “பிள்ளை தாயிடமே வளரட்டும், எங்களுக்குப் பார்க்க மட்டும் அனுமதி வேண்டும்” என்று மனுவின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

பிரதான மனுவோடு 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின் கீழ் ஓர் இடைக்கால மனுவும் போடுங்கள். வழக்கு முடிய வருடங்கள் ஆகலாம். பிள்ளை அதுவரை முகத்தை மறந்துவிடும். கோர்ட் ஃபீஸ் பெரிய தொகையில்லை. மனுவைத் திருத்தத்துக்காகத் திருப்பிக் கொடுத்தால் பதறாதீர்கள். வழக்கு நம்பர் கிடைக்கும் முன் ஒருமுறையாவது திரும்புவது சகஜம்.

விசாரணை

நோட்டீஸ் போகும், எதிர்த்தரப்பு கவுன்ட்டர் (எதிர் மனு) போட வாய்தா வாங்கும், மறுபடியும் வாங்கும். சமரசம் செய்ய முயல்வது குடும்ப நீதிமன்றத்தின் கடமை. அதனால் கோர்ட்டின் ஆலோசகரான கவுன்சிலரிடமோ சமரச மையத்துக்கோ அனுப்புவார்கள். அங்கே பாட்டாக்கள்தான் பெரும்பாலும் காரியத்தைக் கெடுக்கிறார்கள். கல்யாணத்துக்குப் போட்ட நகை முதல் பதினாறாம் நாள் சாப்பாடு வரை பேசுவார்கள். கவுன்சிலர் கேட்பது ஒன்றுதான்: பிள்ளையோடு என்ன செய்யப் போகிறீர்கள்? அதற்கு மட்டும் பதில் தயாராக வையுங்கள்.

எதிர் மனுவில் வழக்கமாக வருவது: கொடுமைப்படுத்தினார்கள், மகன் சாவுக்கு என்னைப் பழித்தார்கள், பிள்ளையிடம் என்னைப் பற்றிக் குறை சொல்வார்கள், பிள்ளை பயப்படுகிறது. பொய் என்று கத்தாதீர்கள். துக்க வீட்டில் அக்கா சொல்லக் கூடாத ஒரு வார்த்தை சொன்னது உண்மை. குறுக்கு விசாரணையில் அதைக் கேட்டபோது, “சொன்னேன், தப்புதான்” என்றாள். எங்கள் வக்கீல் நெற்றியில் கை வைத்தார். அடுத்த வாய்தாவில் மருமகளின் முகம் கொஞ்சம் இளகியிருந்ததாக எனக்குப் பட்டது.

பிள்ளை விவரம் தெரிந்த வயது என்றால் நீதிபதி தனியறையில் பேசுவார். சொல்லிக் கொடுத்த பேச்சைக் கண்டுபிடிப்பதில் அவர்களுக்கு நல்ல பழக்கம் உண்டு.

உத்தரவில் என்ன இருக்க வேண்டும்?

“அவ்வப்போது பார்க்கலாம்” என்ற உத்தரவு ஒரு காசுக்குப் பெறாது. கிழமை, மணி, இடம், யார் கொண்டுவருவது, யார் திருப்பி விடுவது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மாற்று நாள் எது, வாரம் எத்தனை வீடியோ கால், எல்லாம் எழுத்தில் வேண்டும். மாதம் இரண்டு சனிக்கிழமை, இரண்டு மூன்று மணி நேரம் என்று சிறிதாகக் கேட்டு ஆரம்பிப்பதே நல்லது.

நம் மாவட்டத்துக்கென்று யோசித்துக் கேட்க வேண்டியவை உண்டு. ஓணம், கோட்டாறு சவேரியார் திருவிழா, சுசீந்திரம் தேர், மண்டைக்காட்டுக் கொடை என்று உள்ளூர் விடுமுறை நமக்கு அதிகம். கிறிஸ்துமஸ், தீபாவளி, பெருநாளுக்குப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்கக் கேட்டால் மறுப்பு வரும். இந்த உள்ளூர் விடுமுறைகளில் ஒன்றிரண்டைக் கேட்டால் யாருக்கும் வலிக்காது. மகனின் நினைவு நாளை மறக்காமல் கேளுங்கள். கல்லறையிலோ சமாதியிலோ பிள்ளை அரை மணி நேரம் நிற்க அனுமதி வேண்டும் என்று அக்கா கேட்டது கிடைத்தது.

முதல் சந்திப்பு

கோர்ட் வளாகத்தில், பத்து மணிக்கு. அக்கா இரண்டு பை நிறையக் கொண்டுவந்தாள். முந்திரிக்கொத்து, ரிமோட் கார், அவன் போட்ட பழைய சட்டை ஒன்று. ஒன்றரை வருடம் கழித்துப் பார்க்கிற பிள்ளை அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. அக்கா அழுதாள். அழுகையைப் பார்த்துப் பிள்ளையும் அழுதது. அந்த மூன்று மணி நேரத்தில் இருபது நிமிடம்தான் அவன் பக்கத்தில் வந்தான்.

அன்று தெரியாமல் செய்ததையெல்லாம் நீங்கள் செய்யாமல் இருக்கலாம். பாட்டாவும் பாட்டியும் மட்டும் போங்கள். பெரியப்பா, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர் வேண்டாம். ஒரு பொருள் போதும், அதுவும் தரையில் உட்கார்ந்து சேர்ந்து விளையாடக்கூடியதாக. பிள்ளையைத் தூக்கக் கை நீட்டாதீர்கள், அதுவே வரட்டும். அம்மா என்ன சமைக்கிறாள், புது அப்பா எப்படி என்று துருவாதீர்கள். வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போடவே கூடாது. அடுத்த வாய்தாவில் அது எதிராக வரும். கொண்டுபோன தின்பண்டத்தை முதலில் மருமகளிடம் கொடுத்து, “இதைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா மக்களே?” என்று கேளுங்கள். நேரம் முடியும்முன் ஐந்து நிமிடம் இருக்கும்போதே நீங்களாக எழுந்துவிடுங்கள்.

உத்தரவை மதிக்காவிட்டால்

வராத ஒவ்வொரு நாளையும் தேதி, நேரத்தோடு எழுதுங்கள். நீங்கள் வந்து காத்திருந்ததற்குக் கோர்ட்டில் மெமோ கொடுங்கள். ஒரு தடவைக்குச் சண்டை வேண்டாம். மூன்று தடவை தொடர்ந்தால், உத்தரவை நிறைவேற்றக் கேட்டு நிறைவேற்று மனு போடலாம். 12-ஆம் பிரிவின் கீழ் பிள்ளையைக் கொண்டுவரச் சொல்லியும் கொண்டுவராவிட்டால் அதே சட்டத்தின் 45-ஆம் பிரிவில் 100 ரூபாய் வரை அபராதம், மேலும் இழுத்தால் நாளுக்கு 10 ரூபாய் வரை, மொத்தம் 500 வரை. 1890-இல் அது பெரிய காசு. இப்போது சிரிப்பு வரும். ஆனால் அதே பிரிவில் கொண்டுவர ஒப்புக்கொள்ளும் வரை சிவில் சிறையில் வைக்கவும் இடமுண்டு. அதைக் கேட்டு மனு போடும் முன் பத்துத் தடவை யோசியுங்கள். அம்மாவைச் சிறைக்கு அனுப்பிய பாட்டியைப் பிள்ளை எப்படிப் பார்க்கும்?

இறுதி உத்தரவு எதிராக வந்தால் 30 நாளுக்குள் மதுரைக் கிளையில் மேல்முறையீடு. சான்றிட்ட நகலுக்கு அன்றைக்கே மனு போடுங்கள். இடைக்கால உத்தரவுக்கு அந்த மேல்முறையீடு கிடையாது. வக்கீல் சீராய்வு மனு போடுவார். நிலைமை மாறினால், பிள்ளை வளர்ந்தால், நேரத்தைக் கூட்டியோ குறைத்தோ கேட்க அதே கோர்ட்டுக்குத் திரும்பவும் போகலாம்.

அக்காவுக்குக் கிடைத்தது இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை, பத்து முதல் ஒன்று வரை. ஒரு வருடம் கோர்ட் வளாகத்திலேயே பார்த்தாள். பிறகு மருமகளே வடசேரி பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விட ஆரம்பித்தாள். போன ஓணத்துக்கு ஒரு மணிக்குக் கூப்பிட வந்தவள், அவன் வாழையிலையில் தூங்கி விழுந்துகொண்டு பாயசம் குடிப்பதைப் பார்த்துவிட்டு, “சாயந்திரம் வாறேன் அத்தே” என்று போய்விட்டாள். நேரத்தைக் கூட்டிக் கேட்டு மனு போடலாமா என்று வக்கீலிடம் கேட்டோம். சும்மா இருங்கள் என்றார்.